வாடகை மாடுகளின் ஊர்வலம்

எங்கள் ஊர் வருடம் முழுக்க வெட்கத்தோடுதான் இருக்கும். செப்டம்பரில் மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடும். அப்போதுதான் மலை மேய்ச்சல் முடிந்து மாடுகள் இறங்கும். படம் பிடிக்க ஆறு பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள்.

கோடையில் ஒரு மாடுகூடச் சாகாமல் இருந்தால்தான் இறங்கும் மாடுகளின் தலையில் பூக்கிரீடம் என்பது வழக்கம். ஒன்று செத்தாலும் மொத்த மந்தையும் வெறுந்தலைதான். ஊரில் இப்போது மலையேறுவது ரோஸ்வித்தாவின் மந்தை ஒன்றுதான். இந்த வருடம் அவளுடைய ஷெக்கி என்ற பசு மின்னல் தாக்கிப் போய்விட்டது. பூ கட்ட மாட்டேன் என்றாள்.

சுற்றுலாக் குழுத் தலைவர் எங்கல்பெர்ட் புதுத் தோல் கால்சட்டையோடு அவள் தொழுவத்துக்கே போனார். வாத்தியக் குழுவில் நாங்கள் நாலு பேர், ஆதரவுக்குப் பின்னால் நின்றோம்.

“செத்தது ஒண்ணுதானே ரோஸ்வித்தா. மீதி பதினேழுக்குக் கட்டு. வர்றவனுக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

“பூ இல்லாத மாட்டை எவன் படம் எடுப்பான்?”

“அப்ப உன் தலையில கட்டிக்க. கொம்பு ஒண்ணுதான் குறைச்சல்.”

அவர் முகம் சிவந்தது. “மேய்ச்சல் குத்தகை குழு கையில இருக்கு. அடுத்த கோடைக்கு உன் மாடு மலையேறணுமா, யோசிச்சுக்க.”

அவளுக்கு வேறு மேய்ச்சல் நிலம் கிடையாது. அது எங்கள் நால்வருக்கும் தெரியும். நால்வரும் கூரையைப் பார்த்தோம்.

அவள் மசியவில்லை. எங்கல்பெர்ட் ஆற்றோரமாகக் கீழே சமவெளியில் உள்ள பண்ணையிலிருந்து பன்னிரண்டு மாடுகளை வாடகைக்குப் பிடித்து, லாரியில் ஏற்றி வந்து, காகிதப் பூ கட்டி முன்னால் நிறுத்தினார். பிறந்ததிலிருந்து கொட்டகையைத் தாண்டாத மாடுகள். மரப்பாலத்தில் பலகை இடுக்கு வழியே தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டன. ஒரே பாட்டை ஏழு முறை ஊதினோம். ஒரு மாடு பக்கத்து மாட்டின் கிரீடத்தைத் தின்ன ஆரம்பித்தது.

எங்கல்பெர்ட் பின்னால் ஓடினார். அங்கே ரோஸ்வித்தா வெறுந்தலை மாடுகளோடு காத்திருந்தாள். மந்தையை நடத்திப் போகும் பசு, கழுத்தில் பெரிய மணியோடு முன்னால் நின்றது.

“உன் மணிப்பசுவை முன்னால விடு. இதுங்க பின்னாடியே வந்துடும்.”

“விடறேன் தலைவரே. என் மாட்டுக்கு ஏன் பூ இல்லைன்னு மைக்குல சொல்லு. குத்தகை யாருக்குன்னும் சொல்லு.”

“இத்தனை பேர் முன்னாடியா?”

“நீ கூட்டிட்டு வந்த கூட்டம்தானே?”

சொன்னார். குத்தகை அவளுக்குத்தான் என்ற இடத்தில் குரல் இறங்கியது. ரோஸ்வித்தா காதில் கை வைத்தாள். மறுபடி உரக்கச் சொன்னார். ஊரே கேட்டது. நாங்கள் கை தட்டினோம். எதற்கும் தட்டுகிறவர்கள்தானே.

கிழட்டு மணிப்பசு பாலத்தில் கால் வைத்தது. பன்னிரண்டும் வாயில் காகிதத்தோடு பின்தொடர்ந்தன. கேமராக்கள் எல்லாம் அந்த வெறுந்தலையைத்தான் எடுத்தன.

மறுவாரம் அந்தப் படம் சுவரொட்டியாக வந்தது. ‘பழமை மாறாத ஊர்’ என்று கீழே எழுத்து. ஒட்டியது நான்தான். அந்த வழியாகப் போன ரோஸ்வித்தாவை எங்கல்பெர்ட் நிறுத்தினார்.

“அடுத்த வருஷமும் பூ வேண்டாம். இதுதான் எடுபடுது.”

“அதுக்கு இன்னொரு மாடு சாகணுமே.”

எங்கல்பெர்ட் அதையும் யோசித்துப் பார்த்தார்.