துணியில் ஒட்டிய நீலம்

சம்பந்தி வருகிறார் என்றால் வீட்டைத் துடைக்காமல் இருக்க முடியுமா? சொர்ணவல்லி சுவரைத் துடைத்தாள். சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். கடைசியில் பீரோவைத் திறந்து, மருமகள் சுனைனா கொண்டுவந்த கிருஷ்ணரை எடுத்தாள்.

இமயமலை அடிவாரத்தில், காங்ராவில், தலைமுறை தலைமுறையாகச் சின்னஞ்சிறு ஓவியங்கள் தீட்டும் குடும்பம் சுனைனாவுடையது. மகளின் கல்யாணத்துக்கென்றே அப்பா வரைந்த படம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். காரைக்குடிக்கே கதவும் சன்னலும் செய்து கொடுக்கிற மகன் முத்துவேலுக்கு இதற்கு மட்டும் ஒரு கண்ணாடிச் சட்டம் போட நேரமில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறாள்.

சம்பந்தி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று இதற்குக் கூடுதலாக ஒரு தேய்ப்பு. துணி நீலமானது. மற்றதெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும் படங்கள், இது வெறும் தாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. கிருஷ்ணருக்குப் பாதி முகம் இல்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

வாசலில் ஆட்டோ நின்றது. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வந்தவர் நேரே படத்திடம்தான் போனார். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

"அத்தை, அப்பா மன்னிப்புக் கேக்குறாரு," என்றாள் சுனைனா. "வண்ணத்துல பசை கம்மியாக் கலந்துட்டாராம். இந்த ஊரு வேக்காட்டுக்குக் கசிஞ்சிருச்சாம். மக வாழுற வீட்டுக்கு இப்படி ஒண்ணக் குடுத்துட்டேனேங்குறாரு."

"அதுக்கென்ன, கடையில ஒண்ணு வாங்கி மாட்டிக்கிருவோம்," என்றான் முத்துவேல். புரியாமலே சம்பந்தி அதற்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைச் சொர்ணவல்லியால் தாங்க முடியவில்லை.

"நீ சும்மா இருடா. தாயி, உங்க அப்பாகிட்டச் சொல்லு. பசையெல்லாம் சரியாத்தான் கலந்திருக்காக. நாந்தேன் ஈரத்துணியப் போட்டுத் தேச்சேன். தேச்சுப்புட்டு வாய மூடிக்கிட்டு நிக்கிறேன்."

சம்பந்தி மகளின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். சுனைனா மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் அத்தை. பசை தப்புன்னா ஊருக்குப் போயி வேற படம் போடுவாரு. இது தெரிஞ்சா, என்னைய எப்படி வச்சிருக்கீகன்னு நினைச்சுக்கிட்டே இருப்பாரு."

அப்பாவிடம் திரும்பி வேறு ஏதோ சொன்னாள். அவர் முகம் தெளிந்து, சொர்ணவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவளும் கும்பிட்டாள். இடுப்பில் துணியின் ஈரம் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.