மாடுகள் நின்ற வெயில்

...மாடு செத்திருந்தால் இவளா வந்து பதில் சொல்லியிருப்பாள், இந்த நோரீன் அம்மாள், ஏசி அறையில் மடியில் கை கோத்து உட்கார்ந்திருப்பவள், மாட்டு லாரியின் நாற்றத்தையாவது ஒரு தடவை முகர்ந்து பார்த்திருப்பாளா... டுவேன் நினைத்ததை முகத்திலும் காட்டினான், காட்டினால் என்ன, மறைக்க அவன் திருடனா? நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க மாடு ஏற்றி இறக்கியவன், ஒரு வேலிக் கம்பியைக்கூட உரசியதில்லை, அவனைப் போய்ப் போதைக்காரர்களுக்கான ஆலோசகர் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள், இவள் தலையசைக்காமல் இனி எந்தக் கம்பெனி லாரியிலும் அவன் ஸ்டீயரிங்கைத் தொட முடியாதாம், சட்டமாம். தொடாமல் வேறு என்ன செய்வான், அந்த ஒன்றைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? "என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்றாள், அதட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை, அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லச் சொன்னால் சொல்கிறேன், எனக்கென்ன பயம்.

ஜூலை வெயில், லாரியின் மேல்தட்டு கீழ்த்தட்டு இரண்டிலும் நிறைய மாடு, கறி ஆலைக்குப் போகிற வழியில் கம்பெனியிலிருந்து போன், போதைப் பரிசோதனைக் குலுக்கலில் உன் பெயர் வந்திருக்கிறது, உடனே கிளினிக்கில் போய்ச் சிறுநீர் கொடு என்று. போனான். வரவில்லை. ஒரு சின்னப் பெண் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆச்சா ஆச்சா என்றால் எந்த ஆம்பளைக்கு வரும்? தண்ணீர் குடிக்கச் சொன்னாள், குடித்தான், காகிதக் கோப்பை கோப்பையாகக் குடித்தான், வரவே இல்லை, வெளியே மாடுகள் தரையை உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது... மாட்டு லாரி ஓடினால்தான் உள்ளே காற்று, நின்றால் அது அடுப்பு, இது தெரியாதவன் அந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. எழுந்து போனால் பரிசோதனைக்கு மறுத்ததாகத்தான் எழுதுவோம் என்றாள் அந்தப் பெண். எழுதிக்கோ என்று சொல்லிவிட்டு வந்து வண்டியை எடுத்தான். ஒரு மாடுகூடச் சாகவில்லை. மறுத்தால் போதையில் பிடிபட்டவனும் இவனும் ஒன்றாம், எந்த ஊர் நியாயம்? இந்தக் கதையைப் பெட்ரோல் பங்கில் சொன்னான், சர்ச் வாசலில் சொன்னான், கேட்டவர்கள் எல்லாம் முதுகில் தட்டி நீ செய்ததுதான் சரி என்றார்கள். இவள் தட்டவில்லை.

"மறுத்ததா எழுதின முடிவை என்னால மாத்த முடியாது டுவேன். அது என் வேலையும் இல்ல."

"அப்ப என்னதான் உங்க வேலை? கம்பெனிக்காரன் ஆளா நீங்க?"

"இல்ல. உங்க ஆளும் இல்ல. ரோட்டுல உங்களுக்கு எதிர்ல கார்ல வர்றாங்களே, அவங்க ஆளு."

திமிரைப் பார்! ஆனாலும் பதில் சட்டென்று வந்தது, அதற்காக அவளைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது, பிடித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஒன்றுமே வேண்டாம் என்று உங்களை அனுப்ப எனக்கு அனுமதி கிடையாது, குறைந்தது வகுப்பு, இல்லையென்றால் சிகிச்சை, எது என்று பார்க்கத்தான் கேட்கிறேன் என்றாள். வகுப்பாம்! தலை நரைத்தவன் பெஞ்சில் உட்கார்ந்து போதை கெடுதல் என்று பாடம் படிக்க வேண்டுமாம். போகமாட்டேன், நான் எதையும் சாப்பிடவில்லை, சாப்பிட்டேன் என்று நிரூபியுங்கள் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கு வண்டில கூட யாராவது இருந்தாங்களா?"

"கார்லா. என் பொண்டாட்டி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டறோம்."

"அவங்களுக்கும் லைசென்ஸ் இருக்கா?"

"இருக்காவா? என்னைவிட நல்லா ரிவர்ஸ் எடுப்பா, மேடம்!"

பெருமையாகத்தான் சொன்னான். நோரீன் ஒன்றும் கேட்கவில்லை, புருவத்தைக்கூட உயர்த்தவில்லை, எழுதவும் இல்லை, சும்மா இருந்தாள், சும்மா இருப்பதற்கா இவளுக்குச் சம்பளம்? அன்றைக்கு லாரிச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது, கார்லா வண்டியில் இருந்தாள், சாவியைக் கொடுத்திருந்தால் மாடுகளோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருப்பாள், அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்... தோன்றவில்லை. அவ்வளவுதான், அந்த வெயிலில் தோன்றவில்லை. மாடுகளின் சத்தம் கேட்டது பொய்யா? சத்தியமாகக் கேட்டது. அந்த மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அன்றைக்கு விடியற்காலையில் மாடு ஏற்ற வேண்டியிருந்தது, கண் இழுத்தது, லாரி நிறுத்தத்தில் ஒருவன் கொடுத்தான், தூக்கத்தைத் தள்ள எல்லாரும் போடுகிறதுதான், அதற்குப் பெயர் போதையா... எதிரில் காரில் வருகிறவர்கள் என்றாளே. தூங்கி வழிந்து அவர்கள்மேல் ஏற்றியிருந்தால் அது பரவாயில்லையா? கேட்கட்டுமே, கேட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடலாம். அவள் கேட்கவில்லையே.

ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. கார்லா பிக்கப் வண்டியின்மேல் சாய்ந்து நின்று, தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். கோவப்படாம பேசிட்டு வா என்று சொல்லி அனுப்பியவள். அவனுக்காகக் கம்பெனி மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டியவள், பெட்ரோல் பங்கில் அந்த மாட்டுக் கதையை அவனைவிட ரோஷமாகச் சொன்னவள், அவனை ஒரு வார்த்தை சொல்ல யாரையும் விடாதவள்... இன்றைக்கு வரைக்கும், படுக்கையில்கூட, சாவியை ஏன் என்கிட்ட குடுக்கல என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.