பினாங்கு கப்பலுக்கு முன்னால்

தையல்காரர் தாண்டவராயன் கித்தான் பையை உள்ளும் வெளியுமாகத் திருப்பி, அடித்தையலை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் தொங்கும்படி ஜோடியாகத் தைத்த பைகள். "லாரி கட்டி இழுத்தாலும் பிரியாது நைனாரே. இந்தத் தபா எந்த ஊரு?" என்றார். கப்பலில் பினாங்கு, அங்கேயிருந்து சைக்கிளில் சயாம், அப்புறம் வழி கிடைத்தால் ஜப்பான் என்று தர்மநாதன் சொன்னான். "அங்க இன்னா இருக்குது?" என்று கேட்டார் தாண்டவராயன். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதல் தடவை கிளம்பும்போது இதே கேள்விக்கு அரை நாள் பதில் சொன்னவன் தர்மநாதன். இப்போது, "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினான்.

ஐந்து வருஷம் தன்னந்தனியாக ஈரான், ஈராக், துருக்கி, ஜெர்மனி என்று சைக்கிள் மிதித்துவிட்டு, போன தை மாதம் ஊர் திரும்பியவன். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பேசச் சொன்னார்கள். பனி எப்படி இருக்கும், வெள்ளைக்காரிகள் எப்படி இருப்பார்கள் என்று டீக்கடையில் அவனைக் கேட்காத ஆளில்லை. முதல் மாதம் வாய் ஓயாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்ட கதைபோல ஆகிவிட்டது. செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையைத் திரும்பப் பார்த்தால் கண் கலங்கிவிடும் என்று பாக்தாதில் படுத்துக்கொண்டு நினைத்ததுண்டு. மலை இருந்த இடத்தில்தான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் தன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்காரச் சொன்னார்; உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டான். துக்கமா என்றால் துக்கமும் இல்லை, அதுவாவது இருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். மரத்துப்போன காலை உதறுகிற மாதிரி மறுபடியும் கிளம்பிவிடுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். டிக்கெட் எடுத்தாயிற்று, ஊசி போட்டுக்கொண்டாயிற்று. அடுத்த வாரம் மதராஸ்.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. முதல் பயணத்துக்கு முன்னால் மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போனபோது, அவன் மனைவி சந்தனா, மடத்துச் சுவாமியின் முன்னால் கைகூப்பி ஒரு நோன்பு எடுத்துக்கொண்டாள். அவன் திரும்பி வரும்வரை பால், தயிர், மோர், நெய் எதையும் தொடமாட்டேன் என்று. ஜைன வீடுகளில் இது புதிதல்ல. ஒரு காரியம் கூடுகிறவரை ஒரு சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. ஆனால் துருக்கியில் ஒரு சத்திரத்தில் பேர் தெரியாத காய்ச்சலில் கிடந்தபோது, அம்மா முகமோ கடவுள் பேரோ நினைவுக்கு வரவில்லை. அங்கே ஒருத்தி எனக்காக மோரில்லாமல் தின்கிறாள் என்ற நினைப்புதான் வந்தது. அதற்காகவே எழுந்து கஞ்சி குடித்தான். அப்புறம் எந்த ஊரில் தனியாகப் படுத்தாலும் அதைத்தான் நினைத்துக்கொள்வான். பிள்ளை குட்டி இல்லை, வேறு பிடிப்பும் இல்லை. தான் எங்கேயோ ஒரு வீட்டைச் சேர்ந்தவன் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த மோரில்லாத சோறுதான். இந்த முறையும் அது வேண்டும். அது இல்லாமல் பினாங்கில் இறங்குவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் மேல்சித்தாமூருக்குப் பஸ் ஏறினார்கள். இந்த முறை எதை விடுவாள் என்று வழியெல்லாம் அவன் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். உப்பாக இருந்தால் பாவம். வெல்லமாக இருந்தால் அவ்வளவு கஷ்டமில்லை. என்ன பெருந்தன்மை! பக்கத்தில் அவள் மடியில் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

மடத்தில் சுவாமி மயிற்பீலியை அவன் தலைமேல் வைத்து வாழ்த்தினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இந்த வாட்டி நீ எதம்மா விடப் போற?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சாமி" என்றாள் சந்தனா.

சுவாமி வற்புறுத்தவில்லை. கட்டாயப்படுத்தி வாங்குகிற நோன்பு நோன்பா? பீலியை அவள் தலையிலும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். தர்மநாதனுக்குக் கோபம் வரவேண்டும்போல் இருந்தது, வரவில்லை. "ஏன் அப்படிச் சொல்லிட்ட?" என்று மட்டும் கேட்டான்.

அவள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஒரு முள்ளைப் பிய்த்துப் போட்டாள். "அஞ்சு வருசம் வெறுஞ் சோறு தின்னேன். நீங்க வந்துட்டீங்க. சாமிகிட்ட சொல்லி நோன்ப முடிச்சிட்டு, அன்னிக்கு சோத்துல மோர் ஊத்திக்கினேன். எப்படியெல்லாமோ இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒண்ணுமே தெரியல. நல்லாவும் இல்ல, நல்லா இல்லாமயும் இல்ல. எதிர்ல நீங்க உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தீங்க. பாத்தேன். அப்பவும் ஒண்ணும் தெரியல." தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "போயிட்டு வாங்க. நான் வேணான்னு சொல்லலியே" என்றாள்.

அவளுக்கும் அப்படித்தானா என்று நினைத்தான். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், இத்தனை மாதமாக. பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. மேற்கே வெயில் மஞ்சளாகி வரப்புகளில் சாய்ந்தது. சந்தனா வானத்தைப் பார்த்தாள். பொழுது இறங்கியபின் விடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத ஜைனக் குடும்பம். டப்பாவைத் திறந்தாள், தயிர்ச்சோறு. "சாப்டுறீங்களா?" என்றாள். "பசிக்கல" என்றான். வற்புறுத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவனுக்கென்று ஒரு பங்கைக் கையால் ஒதுக்கிவிட்டு அவள் தன் பாட்டுக்குச் சாப்பிடத் தொடங்கினாள். அவன் சாப்பிடுவதற்கு முந்தி அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. பெரிய பெரிய கவளமாக, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, டப்பாவை மூடினாள். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது.

நன்றாக இருட்டிய பிறகும் பஸ் வரவில்லை. அப்போதுதான் தர்மநாதனுக்கு வயிற்றைக் கிள்ளியது. ஊர் திரும்பிய நாளிலிருந்து பசி என்று ஒன்று வந்ததே இல்லை. சோறு வரும், சாப்பிடுவான். இது அப்படியில்லை. "அதக் குடு" என்றான்.

"பொழுது போயிடுச்சே."

"தெரியுது. குடு."

இருட்டில் அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. "அங்கயும் இப்படித்தானா?" என்றாள்.

ஜெர்மனியில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஓட்டலில் பாத்திரம் கழுவி முடித்து, நடு இரவில் அடுப்படியில் நின்றபடி தின்றிருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஊரைவிட்டுப் போன முதல் மாதத்திலிருந்தே. அவள் வெறுஞ்சோறு தின்ற வருஷங்கள் பூராவும். வெட்கமாக இருந்தது, அதுவும் புதிதாக இருந்தது. "ஆமா. அங்கயும்தான்" என்றான்.

சந்தனா டப்பாவின் மூடியைத் திறந்து அவன் பக்கம் வைத்தாள். செம்பையும் நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து, சாலையோரத்துக்குப் போய், பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றுகொண்டாள். அவன் இருட்டில் தடவி எடுத்துச் சாப்பிட்டான். தயிர் நன்றாகப் புளித்திருந்தது. அந்தப் புளிப்பு பல்லில் கூசியது, காதுவரை ஏறியது. அவளைக் கூப்பிட்டு அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தூரத்தில் இரண்டு விளக்குகள் வளைவு திரும்பி வந்தன. வெளிச்சம் அவள் கால்களில் விழுந்து மெல்ல மேலே ஏறியது. அவன் சாப்பிட்டு முடித்தானா என்று திரும்பிப் பார்க்காமல், அவள் பஸ்ஸுக்குக் கை நீட்டினாள்.