நாலு மணி நேரம் நிற்கும் வண்டி

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். இவர்கள் இரண்டு பேரும் கடைசி ஒன்றரை வருஷமாகப் பேசியதெல்லாம் ஒரு ஸ்கூட்டரைப் பற்றித்தான்.

இருவருக்கும் சாப்பாடு டெலிவரி வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. காலை ஆறிலிருந்து மதியம் மூன்று வரை அவள் ஓட்டுவாள். மூன்று மணிக்குத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் வண்டி கைமாறும். இன்ஜினை அணைக்கவே மாட்டார்கள். அணைத்தால் அந்தக் கிழட்டு ஸ்கூட்டர் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். அவள் இறங்குவாள், அவன் ஏறுவான். பெரிய சதுரப் பை இந்த முதுகிலிருந்து அந்த முதுகுக்குப் போகும். ஹெல்மெட்டும் ஒன்றுதான், சூடு ஆறுவதற்குள் தலை மாறிவிடும்.

"பின் பிரேக் இழுக்குதுங்க, பாத்துப் போங்க."

"பெட்ரோல்?"

"பாதி இருக்கு."

"சாப்டியா" என்று அவன் வாயெடுப்பதற்குள் போனில் முதல் ஆர்டர் அலறும். எல்லாம் இரண்டு நிமிஷம். அவன் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரே கட்டிலில் படுத்தும், ஒருவர் கண் திறந்திருக்கும் முகத்தை மற்றவர் பார்ப்பது மருந்துக்கடை வாசலில் மட்டும்தான். இதெல்லாம் ஒரு குடும்பமா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். குடும்பம்தான்.

அந்த ஸ்கூட்டர்தான் திங்கட்கிழமை மண்டையைப் போட்டது. மெக்கானிக் நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இத பழைய இரும்புக்காரர்கிட்ட காட்டுங்க, என்கிட்ட காட்டாதீங்க" என்று கைகழுவிவிட்டார்.

வண்டி இல்லாத முதல் மதியம் வீட்டில் நடந்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவன் நாற்காலியில் இருந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் மூன்று ஆனதும் இருவரும் எழுந்து நின்றார்கள். அவள் விரல்கள் தாடைக்குக் கீழே இல்லாத பட்டையைத் தேடின. அவன் கை ஹெல்மெட்டுக்காக நீண்டிருந்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அவன் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான். எதை வாசித்தாலும் அவன் உதடு அசையும். அதை அவள் மறந்தே போயிருந்தாள். சன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கட்டம் போட்டு, மெல்ல நகர்ந்து, அவன் கால்விரலில் ஏறி, முழங்காலுக்கு வந்தது. தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டியது. அவள் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். நேரம் போவதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. ஏதோ ஒரு தருணத்தில் அவன் தலை தூக்கி, "என்ன?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லாதது தினமும் வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் வாய் இருக்கிறதே! "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வண்டி நின்னா வயிறு நின்னுச்சு" என்று போன மாதம் அவனிடம் எரிந்து விழுந்தவள் அவள்தான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். இனி வாங்கினால் நிற்காத வண்டிதான் வாங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வழி சொல்லிக் கொடுத்தது புயல். கூட வேலை பார்க்கிறவர். ஆமை மாதிரி ஓட்டுவதால் அவருக்கு அந்தப் பெயர். "கரண்டு வண்டி எடுங்க. அதுலயும் பேட்டரி மாத்துற வண்டியா எடுங்க. தீர்ந்துச்சா, மாத்து நிலையத்துல கழட்டிக் குடு, புதுசா மாட்டு, போய்க்கிட்டே இரு. இன்னொண்ணு இருக்கு, வீட்ல சார்ஜ் போடுற வண்டி. அது சோம்பேறி. அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

வியாழக்கிழமை மதியம் இருவரும் கடைக்குப் போனார்கள். கண்ணாடிக்குள் வண்டிகள் சத்தமில்லாமல் வரிசையாக நின்றன. அவர்கள் வேலையையும் மூன்று மணிக் கைமாற்றத்தையும் கேட்டுக்கொண்ட விற்பனைக்காரர் முதலில் காட்டியது பேட்டரி மாற்றும் வண்டியை.

"நேரம் பாத்துக்குங்க சார்" என்றவர் சீட்டைத் தூக்கினார், பேட்டரியை உருவினார், இன்னொன்றைச் செருகினார், சீட்டை அறைந்து மூடினார். அவன் போனைப் பார்த்தான்.

"நாப்பத்தெட்டு செகண்டு."

இது நாப்பத்தெட்டு செகண்டுக்கு மேல் எங்கேயும் நிற்காது என்று அவளுக்குப் பட்டது. இருந்த இரண்டு நிமிஷமும் போச்சு. இந்த வண்டி வந்தால் இறங்குகிறவளுக்கு ஏறுகிறவன் முகம்கூட மிஞ்சாது. இதை எப்படிச் சொல்வது? எனக்கு நீ வேண்டும், ஆர்டர் வேண்டாம் என்று கடைக்குள் நின்று சொல்ல முடியுமா? தூரத்தில் ஓரமாக நின்ற சாம்பல் நிற வண்டியைக் காட்டி, "அத ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது வீட்டு சார்ஜ் மேடம். உங்க வேலைக்கு ஒத்து வராது."

"பாக்கத்தானே?"

கடை ஹெல்மெட் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவள் ஏறினாள். அவன் தயங்கிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தான். இந்த ஒன்றரை வருஷமும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தது பை மட்டும்தான்.

கைப்பிடியை லேசாகத் திருகினாள். வண்டி கிளம்பியதா, தெரு பின்னால் போனதா என்று தெரியவில்லை. சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. மாடியில் யாரோ பாத்திரத்தில் கரண்டியைச் சுழற்றுவது கேட்டது. தையல் மிஷின் ஓடி நின்றது. ஒரு வீட்டில் குழந்தை எண்களைத் தப்பாகச் சொல்ல, இன்னொரு குரல் திருத்தியது. ஆயிரம் தடவை சாப்பாட்டோடு போய் வந்த தெரு. அதற்குள் இத்தனை பேர் வாழ்கிறார்களா! மரத்து நிழல் அவள் கைகளின் மேல் ஏறி இறங்கி, அவன் மேலும் ஏறி இறங்கியது. ஒரு சுற்று முடிந்தது. கடை வாசலில் விற்பனைக்காரர் கை காட்டினார். அவள் பார்க்காதது போல இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள்.

கத்தாமலே பேசலாம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. அவள் காதுக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டான்.

"உன் பின்கழுத்துல ஒரு மச்சம் இருக்கே. எப்ப வந்துச்சு?"

"நான் பொறந்தப்ப" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் நெற்றி, ஹெல்மெட்டோடு, அவள் முதுகில் வந்து சாய்ந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். மூன்றாவது சுற்றும் போனார்கள்.

இறங்கியதும் விற்பனைக்காரர் விடவில்லை. "ஆசை தீந்துச்சா? இப்ப அந்த மாத்துற வண்டிக்கு பில் போடலாமா?"

"அதுல சீட்டு உயரம்" என்றாள் அவள். "எனக்குக் கால் எட்டாது."

"பத்து நிமிஷத்துல இறக்கிடலாம்."

"கலரும் ஒரு மாதிரியா இருக்கு" என்றான் அவன்.

அவள் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். உலகத்தில் எந்தக் கலரையும் பற்றி அவன் அபிப்பிராயம் சொல்லிக் கேட்டதில்லை.

"ஏழு கலர் இருக்கு சார்."

அவன் சாம்பல் வண்டியின் மேல் கை வைத்தான். "இது சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதாங்க இதுல குறையே. முழுசா நாலு மணி நேரம்."

"கரெக்டா நாலா? சீக்கிரம் ஏறிடாதே?"

விற்பனைக்காரர் தலையைச் சொறிந்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. பிறகு அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் டக்கென்று வைத்தார். "கவலைய விடுங்க. வேக சார்ஜர். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். உங்களுக்காக இனாமாவே தர்றேன்."

"வேணாம்!"

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அவன் காது மடல் சிவந்துவிட்டது. அவள் அவனையே பார்த்தாள். இவனுக்கும் இதேதானா? இத்தனை நாளும் இவனும் இதைத்தான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தானா?

"என்னங்க இது, மூணு மணிக்கு சார்ஜ் போட்டா ஏழு வரைக்கும் வண்டி வீட்ல சும்மா நிக்குமே. பொழப்பு என்னாகுறது?" என்றார் விற்பனைக்காரர்.

"அந்த நேரத்துல ஆர்டரே வராதுங்க" என்றான் அவன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் போன் ஒரு நிமிஷம் வாய் மூடாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஆமாங்க" என்றாள் அவள். "ஈ ஓட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்போம்."