பெருங்காய ரொட்டி

மோரில் மிதந்த கறிவேப்பிலையை ஏசுதாசன் ஒன்றுவிடாமல் எடுத்தார். பச்சை மிளகாயை எடுத்தார். இஞ்சித் துணுக்குகளை டீ வடிகட்டியில் பிடித்தார். இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிற ஆள் தேனி ஜில்லாவிலேயே கிடையாது என்று தனக்குத் தானே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டு, அந்த மோரை அரிசிமாவும் சோளமாவும் கலந்த பாத்திரத்தில் ஊற்றி, ஆப்ப சோடா போட்டு, உருட்டி, புது ஓவனுக்குள் தள்ளினார். முக்கால் மணி நேரத்தில் வீடு முழுக்க சாம்பார் மணத்தது. ரொட்டி சுட்டால் சாம்பார் ஏன் மணக்கிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"வாசனை தூக்குதுல்ல?" என்று மனைவியிடம் பெருமையாகக் கேட்டார்.

சுகிர்தத்துக்குச் சின்ன வயதிலிருந்தே பெருங்காய வாசனை ஆகாது. வீட்டில் அதை வாங்குவதே இல்லை. இது அவர் கடையிலிருந்து வந்த தாளித்த மோர். அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்று, "நல்லா இருக்குங்க" என்று இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் மதுரை டாக்டர் சொன்னது இதுதான்: இந்த அம்மாவுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டிய ஏசுதாசன், அல்லிநகரத்தில் முப்பது வருஷமாகப் பரோட்டாக் கடை நடத்துகிறவர். டாக்டர் மைதா என்று சொன்னபோதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் தன் பெயரை வாசிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் ஜாஸ்பர் சார் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். அடுத்த தெருக்காரர். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பரீட்சைத்தாளைத் திருத்துகிற முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மோரு ஏது தம்பி?"

"கடை மோருதான் சார். தாளிச்சதையெல்லாம் வடிகட்டிட்டேன்."

"பெருங்காயத்தை எப்படி வடிகட்டுனீக?"

ஏசுதாசன் கடைக்குப் போன் போட்டார். பரோட்டா மாஸ்டர் அருண்பாண்டி எடுத்தான்.

"ஏலே, பெருங்காய டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படி."

"வெலையாண்ணே?"

"வெலை இல்லடா. பின்னால, பொடி எழுத்துல."

தோசைக்கரண்டியைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அருண்பாண்டி, "கோதுமை மாவுன்னு போட்டிருக்காய்ங்கண்ணே. இத்தனை வருசமா நம்மளை ஏமாத்தியிருக்காய்ங்க" என்றான்.

"கூட்டுப் பெருங்காயத்துல மாவு கலந்துதான் வரும் தம்பி" என்றார் ஜாஸ்பர் சார், மெதுவாக. "எனக்கே அயர்லாந்துக்குப் போனப்புறம்தான் தெரியும்."

மனைவியைத் தன் கையாலேயே படுக்க வைத்தது ஏசுதாசனுக்கு வலித்தது. அதைக் கண்டுபிடித்தது ஜாஸ்பர் சார் என்பது தனியாக, வேறொரு இடத்தில் வலித்தது. எல்லாம் இந்த அயர்லாந்தால் வந்தது.

ஜாஸ்பர் சாரின் மகள் மகிமாவுக்கு அங்கே நர்ஸ் வேலை. மகிமாவின் பையனுக்கும் சுகிர்தத்துக்கு இருக்கிற இதே கோளாறு. ஆறு மாதம் மகள் வீட்டில் தங்கப் போன வாத்தியார், சும்மா இருக்க முடியாமல் அந்த ஊர் சோடா ரொட்டியைக் கோதுமை இல்லாமல் சுடக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஈஸ்ட் கிடையாது, ஊறவைக்கிற வேலை கிடையாது. மாவு, மோர், உப்பு, சோடா. குமுளியிலிருந்து கப்பைமாவு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவு, வாங்கிவந்து சேர்ப்பார். கம்பத்துப் பன்னீர் திராட்சையை மொட்டைமாடியில் காயவைத்து உள்ளே புதைப்பார். மேலே கத்தியால் ஒரு சிலுவை கீறுவார். அதுவும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல அவ்வளவு நேராக இருக்கும்.

சனிக்கிழமை தோறும் அந்த வீட்டில் சுகிர்தத்துக்கு இரண்டு துண்டு ரொட்டியும் காப்பியும் காத்திருக்கும். ஜாஸ்பர் சாரின் அக்கா ராஜமணி கையால் காப்பி. சார் கையால் ரொட்டி. போய்விட்டு வருகிறவள் முகம் தெளிந்து வரும். கல்லில் விழுகிற முதல் பரோட்டாவைத் தினமும் வாழையிலையில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய காலத்தில் அந்த முகத்தைக் கொடுத்தது ஏசுதாசன்.

சந்தேகமெல்லாம் கிடையாது. ஜாஸ்பர் சாருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, சதா அக்காவின் அதட்டல். மனைவியைச் சந்தேகப்படுகிற புருஷனுக்காவது ஊரில் நாலு பேர் புத்தி சொல்வார்கள். மனைவி தின்கிற ரொட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

கோவிலிலும் அது அவரை விடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும். அப்பம் கோதுமையில் செய்தது என்பதால் சுகிர்தம் சில மாதம் ரசம் மட்டும் வாங்கினாள். பிறகு போதகரே யோசித்து, ஒரு சின்னத் தட்டில் அவளுக்கென்று தனி அப்பம் வைத்தார். ஜாஸ்பர் சார் திராட்சை போடாமல் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு. பக்கத்தில் முழங்காலில் நின்ற ஏசுதாசன் மனதில் அந்த நேரத்தில் வரவேண்டியது வரவில்லை. 'கோதுமை இல்லாத துண்டு உதிராமல் நிற்கிறதே, எப்படி?' என்றுதான் வந்தது. அதற்காகக் கண்ணை மூடித் தனியாக ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமும் அதே கேள்விதான் வந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். வருகிற முதல் ஞாயிறு அந்தத் தட்டில் இருப்பது தன் ரொட்டியாக இருக்கவேண்டும். போதகர், "தாராளமா" என்றார். சுகிர்தம், "பாப்போம்" என்றாள். அந்த வேகத்தில் சுட்டதுதான் பெருங்காய ரொட்டி.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் இரண்டாவது ரொட்டிக்கு மாவு கலந்தார். இந்த முறை பச்சைத் தயிரைக் கடைந்து எடுத்த மோர். ஆனால் கை அவருடையதுதானே. பரோட்டா மாவை அடிக்கவேண்டும், இழுக்கவேண்டும், வீசவேண்டும். சோடா ரொட்டி மாவைத் தொட்டும் தொடாமலும் கூட்டி, சோடா நுரைக்கும்போதே உள்ளே தள்ளிவிடவேண்டும் என்று ஜாஸ்பர் சார் சொல்லியிருந்தார். மாவைத் தொடாமல் இருப்பது எப்படி என்று ஏசுதாசனுக்குத் தெரியவில்லை. நன்றாகத்தான் ஆரம்பித்தார், நடுவில் என்ன ஞாபகமோ, கை தானாக வீசிவிட்டது. கோதுமை இல்லாத மாவுக்கு இழுவை ஏது? போன வேகத்தில் நாலாகப் பிய்ந்து, ஒரு துண்டு பிரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தது. மிச்சத்தைச் சேர்த்து அரைமணி நேரம் அடித்துப் பிசைந்து சுட்டார்.

சுகிர்தம் ஒரு ஓரத்தைக் கடித்து வாயிலேயே ஊறவைத்துத் தின்றாள். கடைக்குக் கொண்டுபோன மீதியை அருண்பாண்டி கல்லில் தட்டிப் பார்த்தான். கல்தான் பயந்தது.

"அண்ணே, லாரி உருளாம டயருக்கு அண்டை குடுக்கலாம்ணே."

"ஒனக்கு ருசி தெரியாது."

"ருசிக்கு மொதல்ல பல்லு எறங்கணும்லண்ணே."

அன்று இரவும் மறுநாளும் ஏசுதாசன் மனைவியிடம் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார். "நெசமாச் சொல்லு. அவரு ரொட்டி நல்லாருக்கா, என் ரொட்டி நல்லாருக்கா?" சுகிர்தம், "ரெண்டும் ரொட்டிதானே" என்பாள். "பால்காரரு வந்துட்டாகளா பாருங்க" என்பாள். ஒருமுறை, "ஜாய்ஸுக்குப் போன் போடணும்" என்று எழுந்து போனாள். மகள் ஜாய்ஸ் கோயம்புத்தூரில் இருக்கிறாள். சுகிர்தம் அவளிடம் அப்போதுதான் பேசி முடித்திருந்தாள்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை. காலையில் கடையில் ஒரு மூட்டை மைதாவைப் பிசைந்து உருட்டி வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். கையை அடக்கிக்கொண்டு மாவைக் கூட்டினார். வீசவில்லை. பிசைந்தது கொஞ்சம்தான். வெந்து வந்த ரொட்டி பொன்னிறமாக உப்பியிருந்தது. சிலுவை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, காற்றடித்த கம்பம்போல் நின்றது.

"திங்கிறியா?"

"ஆறட்டுங்க" என்றாள் சுகிர்தம். ஆறியதும் அதை ஒரு துணியில் சுற்றினாள். "ராஜமணியக்காவைப் பாத்துட்டு வந்திர்றேன்" என்று ரொட்டியோடு கிளம்பினாள்.

ஐந்து நிமிடம் பொறுத்தார். மேலே பொறுக்க முடியவில்லை. அவள் செல்போனை மறந்துவிட்டுப் போயிருந்தாள், அது போதும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

ஜாஸ்பர் சார் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேஜையில் இரண்டு ரொட்டி. சிலுவை சாய்ந்த ரொட்டியை ஜாஸ்பர் சாரும் ராஜமணியும் தின்றுகொண்டிருந்தார்கள். சிலுவை நேரான ரொட்டி சுகிர்தத்தின் கையில் இருந்தது.

"வாங்க தம்பி" என்றார் ஜாஸ்பர் சார், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கி. "ஒங்க ரொட்டியைத்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்."

"பல்லுக்கு நல்ல வேலை குடுத்திருக்கீக" என்றாள் ராஜமணி.

ஏசுதாசன் மனைவியைப் பார்த்தார். "நீ திங்கலையா?"

சுகிர்தம் ஜாஸ்பர் சாரைப் பார்த்தாள். ஜாஸ்பர் சார் மின்விசிறியைப் பார்த்தார். ராஜமணி, "காப்பி போடுறேன்" என்று எழுந்து உள்ளே போனாள். ஏசுதாசன் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

தெருமுனைக் குழாயடியில் சுகிர்தம் அவரைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"நில்லுங்க."

"நீ போய்த் தின்னு. ஆறிரப் போகுது."

"திரும்பி நில்லுங்கன்னா."

நின்றார். அவள் ஆள்காட்டி விரலால் அவர் காதுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்து, விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளையாக இருந்தது.

"இது என்ன?"

"மாவு."

"என்ன மாவு?"

ஏசுதாசன் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் துடைத்தார்.

"ரெண்டாவது ரொட்டியில பெருங்காயமும் இல்ல, கடை மோரும் இல்ல. அன்னைக்கும் எனக்கு வயித்தைப் புரட்டுச்சு. ஒங்க தலையில, சட்டையில, கைமுடியில எல்லாம் மைதா. குனிஞ்சு மாவு கூட்டுறப்ப அதுல உதிருது. அங்கன போய்த் திங்கிறது ருசிக்கு மட்டும் இல்லங்க. அங்கனதான் மைதா இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? மைதாவை வீசித்தான் எனக்குச் சோறு போட்டீக, ஜாய்ஸைப் படிக்க வச்சீக. ஒங்க மேல இருக்கிறதுதான் எனக்கு வெசம்னு சொன்னா, மறுநாளே கடையைப் பூட்டிட்டு வந்து உக்காந்துக்கிருவீக. சார்தான் சொல்லிரும்மான்னு சொன்னாக. நான்தான் வேணாம்னேன்."

"அப்ப அவருக்கு முன்னாடியே தெரியும்" என்றார் ஏசுதாசன். அந்த நேரத்திலும் அதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

சுகிர்தம் சிரித்துவிட்டாள். குழாயைத் திறந்து விரலைக் கழுவினாள்.

"இன்னைக்குக் கடையை அருண்பாண்டி பாத்துக்கிரட்டும். வீட்டுக்குப் போயி தலைக்குக் குளிங்க. பீரோவுல இருக்க கோவிலுக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டு இன்னொரு ரொட்டி சுடுங்க. நாளைக்கு நான் அதைத்தான் வாங்குவேன்."

இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பத்தடி போனதும் அவரால் முடியவில்லை.

"சரி, ருசி? மழுப்பாமச் சொல்லு. யாரு ரொட்டி?"

சுகிர்தம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை பால்காரரும் வரவில்லை, ஜாய்ஸும் வரவில்லை.

"சார் ரொட்டிதான் ருசி" என்றாள். "ஒங்களுது கல்லு. நாளைக்கு எனக்குக் கல்லுதான் வேணும்."