லேபிள் இல்லாத இரண்டு டிரம்கள்

குழாய்களுக்கு முலாம் பூசும் அந்தப் பட்டறையில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். கொழுந்தன் கூப்பிட ஆரம்பித்து, வேலையாட்கள் வரைக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் ஆர்டருக்கு அலைவான். பட்டறை இவள் பொறுப்பு.

கழிவைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் அண்ணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கழிவு சேரும் டிரம்மில் என்ன இருக்கிறது, எப்போதிலிருந்து சேர்கிறது என்று லேபிள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஒட்டித்தான் இருந்தது. ஆனால் கறையேறி, பார்க்கச் சகிக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு அழுக்குச் சட்டையோடு போவதா? இரண்டையும் பிய்த்தெறிந்துவிட்டு, புதிதாக அச்சடித்து வாங்கக் கிளம்பினாள். வினை அங்கேதான் பிடித்தது.

திரும்பி வந்தால், டிரம்கள் இடம் மாறியிருந்தன.

"நடக்க வழி விடணும்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணி? உருட்டி அந்தப் பக்கம் வச்சுட்டேன்" என்றான் கொழுந்தன், பாராட்டை எதிர்பார்த்து.

"அட பாவி! காஸ்டிக் தண்ணி எது, சயனைடு தண்ணி எது?"

அவன் தலையைச் சொறிந்தான். இரண்டும் நீல டிரம், இரண்டும் முக்கால்வாசி, உள்ளே ஒரே கலங்கல். லிட்மஸ் காகிதம் நனைத்துப் பார்த்தாலும் இரண்டுமே காரம் என்றுதான் காட்டும்.

"பூவா தலையா போட்டுரலாமா?"

"வாயை மூடு."

சிரிக்கிற விஷயமா இது? காஸ்டிக் என்று எழுதிய டிரம்மை, கழிவு போய்ச் சேரும் சுத்திகரிப்பு ஆலையில் ஒருத்தன் திறப்பான். காரத்தை முறிக்க ஆசிட் ஊற்றுவான். உள்ளே சயனைடு இருந்தால், கிளம்புகிற வாயுவில் அங்கேயே சுருண்டு விழுவான். தெரியாது என்று அதிகாரியிடம் சொன்னாலோ பட்டறைக்குப் பூட்டு. இத்தனை வருஷத்தில் கிடைத்த பெரிய ஆர்டர் கையைவிட்டுப் போகும்.

வாசலில் வண்டிச் சத்தம். அவள் போய் அதிகாரியை அழைத்து வருவதற்குள் இரண்டு டிரம்மிலும் புது லேபிள் பளபளத்தது. கொழுந்தன் கண்ணடித்தான்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா. எல்லா இடத்துலயும் இப்படி இருந்தா எங்களுக்கு ஏன் தலைவலி?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பேசாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான். அண்ணிக்கும் அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் முகம் தெரியாத அந்த ஆலைக்காரன் ஆசிட் வாளியோடு கண்ணுக்குள்ளேயே நின்றான். அவனுக்கும் வீட்டில் ஒரு அண்ணி இருப்பாள்.

"டேய்" என்றாள் கொழுந்தனைப் பார்த்து. "இந்தக் காஸ்டிக் டிரம்ல ஆசிட் ஊத்தச் சொன்னா, நீ ஊத்துவியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. அண்ணி அதற்கு மேல் காத்திருக்காமல் இரண்டு லேபிளையும் கிழித்தாள்.

"எதுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது சார்."

அதிகாரி டிரம்மை விட்டு இரண்டடி நகர்ந்து நின்றுதான் மேற்கொண்டு எழுதினார்.

மாதிரி எடுத்துப் போனார்கள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. ஆர்டர் வேறொருவருக்குப் போனது. புருஷன் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊர்ல இல்லாத அரிச்சந்திரி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ஒருவேளை தப்புச் செய்துவிட்டோமோ என்று படுக்கையில் புரண்டாள்.

சோதனை முடிவை வாங்கப் போன கொழுந்தன், திரும்பி வந்து அடுப்படி வாசலிலேயே நின்றான்.

"நான் சரியாத்தான் ஒட்டியிருக்கேன் அண்ணி."

அண்ணியின் கையிலிருந்த கரண்டி நின்றது. எல்லாம் வீணா? ஒரு குடும்பத்தின் பிழைப்பையே கெடுத்தது இதற்குத்தானா? கூடத்தில் புருஷன் செருமுவது கேட்டது.

கொழுந்தன் அண்ணன் காதிலும் விழும்படியே சொன்னான்:

"ஆனாலும் நான் ஊத்தியிருக்க மாட்டேன்."