மண்ணுக்குக் கொடுத்த திராட்சரசம்

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று இரண்டாம் ஆராதனை முடிந்தபின் புனித பர்னபா ஆலயத்தின் உடுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பீடப் பணிகளைக் கவனிக்கும் ஹொனோரியா சாட்டர்லி. அவருடைய தம்பி மகன் எம்மெட் சாட்டர்லி. குருவானவர் மதர் ரெனாட்டா வாஸ். மிச்சிகனிலிருந்து வந்து குடியேறி, பீடப் பணியில் உதவுகிற டார்லா ஹூக்ஸ்ட்ரா. பேராயர் கடைசியில் வந்து கதவருகே நின்றார், உள்ளே வரவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லித் திரிகிறவர்கள் அந்நேரம் வெளியே வரிசையில் நின்று பன்றியிறைச்சி வைத்த ஹாம் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹொனோரியாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. திருவிருந்தில் எம்மெட் முதல்முறையாகப் பாத்திரம் பிடித்து, வருகிறவர்களுக்குத் திராட்சரசம் கொடுக்கிற நாள் அது. அந்த ஆலயத்தில் பாத்திரம் பிடிப்பது ஹொனோரியாவின் தகப்பனார் காலத்தில் சாட்டர்லிகள் கையில் இருந்தது. அவருக்குப்பின் ஹொனோரியாவின் தம்பி, எம்மெட்டின் தகப்பன் லூஷியஸ் கைக்கு அது வந்தது. ஒரு ஈஸ்டர் காலையில் லூஷியஸ் குடித்துவிட்டு வந்து, பீடத்துக்கு முன்னால் தள்ளாடி, பாத்திரத்தை ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டைமேல் கொட்டினான். அதோடு அது குடும்பத்தை விட்டுப் போயிற்று. லூஷியஸ் எப்படி வாழ்ந்தான், எதனால் செத்தான் என்பதெல்லாம் வடக்கு கரோலினாவின் அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரியும்.

எம்மெட்டும் தகப்பன் போன வழியில்தான் கொஞ்ச தூரம் போனான் என்பது யாருக்கும் தெரியாது. போன இலையுதிர் காலத்தில் அவன் அந்த வழியை விட்டுத் திரும்பி வந்துவிட்டான் என்பதும் தெரியாது. சிகிச்சைக்குப் போயிருந்த மாதங்களில், அட்லாண்டாவில் வேலையாக இருக்கிறான் என்று ஹொனோரியா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

பேட்டரித் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஊரும் பெருகியது, சபையும் பெருகியது. இரண்டாம் ஆராதனை வைத்தும் இடம் போதவில்லை. பாத்திரம் பிடிக்கப் புது ஆட்கள் வேண்டுமென்று மதர் ரெனாட்டா கேட்டபோது, ஹொனோரியா எம்மெட்டின் பெயரைக் கொடுத்தார்.

"அவரைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது எதாவது இருக்கா?" என்று மதர் கேட்டார்.

"சாட்டர்லிங்கறதுக்கு மேல என்ன தெரியணும்?"

அன்று மாலை எம்மெட் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்தை, மதர்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாம். நான் அப்பம் மட்டும்தான் எடுத்துக்கறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா நல்லது."

"நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட. பாத்திரத்துல மிஞ்சறதை உனக்குப் பதிலா நான் குடிச்சுக்கறேன். ஒரு வாய் இருக்கும். நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவன் சரி என்றான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் அவன்.

ஆனால் மிஞ்சியது ஒரு வாய் இல்லை. பேராயர் வந்து பிள்ளைகளைச் சபையில் உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல் நாள் அது. சாலை ஓரம் வரை நின்ற கார்களைப் பார்த்த மதர், உயரமான கண்ணாடிக் குடுவைகள் இரண்டையும் திராட்சரசத்தால் நிரப்பி ஆசீர்வதித்துவிட்டார். புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் மதுவுக்குப் பதில் சின்னக் கிண்ணத்தில் வெறும் பழச்சாறு கொடுக்கிற சபைகளில் வளர்ந்தவர்கள். பாத்திரம் அருகில் வந்ததும் சிலர் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வேண்டாமென்று தலை அசைத்தார்கள். சிலர் அப்பத்தின் நுனியைத் தோய்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். பெந்தெகொஸ்தேக்கென்று சிவப்பு உடை உடுத்திய வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, பாத்திரத்தில் மட்டம் இறங்கவே இல்லை. ஹொனோரியா முன்வரிசையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து நழுவி விழுந்தது.

உடுப்பறைக்குள் வந்தபோது ஒரு குடுவை நிறைய இருந்தது. மற்றது முக்கால். எம்மெட்டின் கையில் இருந்த பாத்திரமும் தளும்பியது.

ஆசீர்வதித்த ரசத்தைத் திரும்ப பாட்டிலில் ஊற்ற முடியாது, சாக்கடையிலும் விட முடியாது. குடித்துத் தீர்க்க வேண்டும், அல்லது மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

"அடக் கடவுளே," என்றாள் டார்லா. "இதை வெச்சு ஒரு கல்யாணமே நடத்தலாம். அந்த மூலைத் தொட்டியில ஊத்திடலாமே. அதுக்குத்தானே அது?"

"அந்தத் தொட்டி செத்துப் போச்சு," என்றார் ஹொனோரியா. "முன்னெல்லாம் அதோட குழாய் நேரா மண்ணுக்குள்ள இறங்கும். புது மண்டபம் கட்ட வந்த புத்திசாலிங்க அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையோட சேர்த்துட்டாங்க. நானும் ஈஸ்டர் காலம் முழுக்கக் கத்திட்டேன்."

மதர் அங்கியை அவிழ்த்துக்கொண்டே கதவைப் பார்த்தார். பேராயரோடு படம் எடுக்க வெளியே பிள்ளைகள் காத்திருந்தார்கள். "அப்ப குடிக்கறதுதான் வழி. எம்மெட், நீங்க வாட்டசாட்டமான ஆளு. டார்லாவும் நீங்களும் ஆளுக்கொரு கை பாருங்க."

"நான் வண்டி ஓட்டணும் மதர், பின்சீட்டுல மூணு பிள்ளைங்க," என்றாள் டார்லா.

"என்கிட்ட கொடுங்க," என்றார் ஹொனோரியா.

"மிஸ் ஹொனோரியா, இவ்வளவையும் குடிச்சா உங்களைத் தள்ளுவண்டியிலதான் வீட்டுக்குக் கொண்டு போகணும்," என்றாள் டார்லா.

மதர் சிரித்தார். "மீதியை எம்மெட் குடிச்சுப்பார்."

எம்மெட் மதரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, ஆசையும் இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அது, என்று மட்டும் இருந்தது. தான் விடாத வரை இவன் வாயைத் திறக்க மாட்டான் என்பது ஹொனோரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்வதைவிடக் குடிப்பது இவனுக்கு எளிதாக இருக்கும்படி, தான்தான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

பாத்திரம் அவன் உதட்டை நோக்கி உயர்ந்தது.

"அதைக் கீழ வை," என்றார் ஹொனோரியா. குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கதவருகே பேராயர் வந்து நின்றிருந்ததை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்: "அவன் குடிக்கக் கூடாது மதர். குடியை விட்டவன். அவன் சொல்லணும்னுதான் சொன்னான். நான் விடலை."

எம்மெட் பாத்திரத்தை மேசைமேல் வைத்தான். டார்லா ஒரு துணியை எடுத்து, ஏற்கனவே மடித்திருந்ததைத் திரும்ப மடித்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார் மதர், மெதுவாக.

"சொல்லியிருக்கணும்," என்றார் ஹொனோரியா.

பேராயர் தொண்டையைச் செருமினார். "படம் எங்கேயும் ஓடிப் போகாது. நான் வெளிய இருக்கேன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பாத்திரத்தில் இருந்ததை ஹொனோரியா ஒரே மூச்சில் குடித்தார். மீதி குடுவைகள்.

"மண்ணுக்கே கொடுத்துடலாம் அத்தை," என்றான் எம்மெட்.

கல்லறைகளை விட்டால், மண் என்று சொல்ல அந்த வளாகத்தில் ஓரிடம்தான் மிச்சம். வண்டிகள் நிறுத்த எல்லாவற்றுக்கும் தார் போட்டாயிற்று. சாப்பாட்டு மேசைகளுக்கு அந்தப் பக்கம், மக்னோலியா மரத்தடியில் மட்டும் செம்மண் தெரியும். அங்கே போக வேண்டுமானால் மொத்தக் கூட்டத்தின் நடுவே நடக்க வேண்டும்.

"நான் கொண்டு போறேனே," என்றாள் டார்லா. "என்னை இங்க யாருக்கும் தெரியாது."

"அதனாலதான் வேண்டாம். நான் ஒளிச்சது போதும்."

ஹொனோரியா சிவப்புத் தொப்பியை நேராக வைத்துக்கொண்டார். நிறைந்த குடுவையைத் தான் எடுத்தார், மற்றதை எம்மெட்டிடம் கொடுத்தார். வெயில் முகத்தில் அறைந்தது. பேச்சு மேசை மேசையாக அடங்கிக்கொண்டு வந்தது. லூஷியஸ் தள்ளாடிய காலையில் இருந்தவர்களில் பலர் அங்கே தட்டோடு நின்றார்கள்.

"ஹொனோரியா, இந்தப் பக்கமும் ஒரு கிளாஸ் ஊத்தறது," என்றார் வென்டெல் ப்ரூயிட், அவரோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர்.

"உனக்கு ஐஸ் டீயே ஏறும் வென்டெல். அதோட நிறுத்திக்க."

சிரிப்பு எழுந்தது. அதற்குள் யாரோ தாழ்ந்த குரலில், "கூட வர்றது லூஷியஸ் பையன்தானே?" என்றார்கள்.

ஹொனோரியா நின்றார். திரும்பினார். "லூஷியஸ் பையன்தான். என் தம்பி மகன். பாத்திரம் பிடிச்சவன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தலை."

பிறகு நடந்தார். மரத்தடியில் எம்மெட் மண்டியிட்டு வேர்களுக்கு நடுவே மெல்ல ஊற்றினான். செம்மண் கருத்து, குமிழி விட்டு, உள்ளே இழுத்துக்கொண்டது. தோட்டக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து இரண்டு குடுவைகளையும் அலசி, அதையும் அங்கேயே விட்டான்.

"கை நடுங்குது அத்தை."

"கழுவிட்டு வா. சரியாப் போகும்."

"எனக்கில்லை. உங்களுக்கு."

"குடுவை கனம்," என்றார் ஹொனோரியா.

அடுத்த ஞாயிறும் எம்மெட்தான் பாத்திரம் பிடித்தான். மதர் ஒரு குடுவை மட்டும், அதிலும் பாதிதான் வைத்தார். மிஞ்சியதை டார்லா முடித்தாள்.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. ஹொனோரியா சாட்டர்லி கோவில் ரசத்தைக் கொண்டுபோய், செத்தும் தாகம் தீராத தம்பியின் கல்லறைமேல் ஊற்றினாராம். பக்கத்தில் நின்று பார்த்தோம் என்றே சிலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. லூஷியஸின் கல்லறை ஆலயத்துக்கு மறுபுறம், மேற்கு மதிலோரம் இருக்கிறது. ரசம் ஊற்றியது மக்னோலியா அடியில்.